செல்ஃப் எடுக்காத வண்டி

அந்த வண்டியை நான் திட்டாத திட்டு பாக்கியில்லை. சனியனே என்றிருக்கிறேன், மூதேவி என்றிருக்கிறேன். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் முன் டயரை எட்டி உதைத்ததில் என் கால் பெருவிரல் நகம்தான் பெயர்ந்தது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது.

பட்டாசு கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக் கொடுப்பது என் தொழில். சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகும் ரோட்டில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் பாதி பெட்டிக் கட்டுகள், பாதி இந்தக் கார். பின் சீட்டை மடக்கிவிட்டால் அச்சங்குளம், சிவகாசி என்று எந்தக் கம்பெனிக்கும் நானே ஓட்டிக்கொண்டு போய் லோடு இறக்கிவிட்டு வந்துவிடுவேன். வாங்கும்போதே பதினைந்து வயதான வண்டி. இருந்தாலும் ஆறு வருடம் ஒரு குறை சொல்ல முடியாமல் உழைத்தது. போன ஆவணியில்தான் அதற்குப் பேய் பிடித்தது.

ஆவணியில் என் மகள் அழகுமீனா பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். வாயும் வயிறுமாக இருக்கிற பிள்ளை. முதல் பிள்ளை ஏழாம் மாதமே தங்காமல் போனது. அதனால் இந்தத் தடவை விருதுநகர் டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு வைத்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "வலின்னு சொன்னா யோசிக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துல இங்க இருக்கணும். தையலைப் பிரிக்கணும். பிரிக்கலைன்னா பிள்ளைக்கும் ஆபத்து, உங்க பொண்ணுக்கும் ஆபத்து. கார் இருக்குல்ல?"

"இருக்கும்மா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஏனென்றால் அதற்கு அடுத்த வாரமே செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு நாள் எடுக்கும், மூன்றாம் நாள் எடுக்காது. சில நாள் ஹாரனும் அடிக்காது, விளக்கும் எரியாது. போதாக்குறைக்கு முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் டங். பள்ளத்தில் விழுந்தால் டங், டங். யாரோ உள்ளே உட்கார்ந்து கரண்டியால் தட்டுவது போல இருக்கும்.

மெக்கானிக் உக்கிரபாண்டியைக் கூப்பிட்டேன். ரோட்டு முக்கில் பட்டறை வைத்திருப்பவன், கைசுத்தமான ஆள். அவன் வந்து சாவியைத் தொட்டதும் வண்டி 'இந்தா' என்று ஸ்டார்ட் ஆனது.

"நல்லாத்தான இருக்கு மாரியக்கா?"

"ஏலே, நான் என்ன உன்னைய விளையாட்டுக்கா வரச்சொன்னேன்?"

பானட்டைத் திறந்து பார்த்தான். "பேட்டரி வயர் லூசா இருக்குக்கா. டைட் பண்ணிட்டேன். இனி சொன்னபடி கேக்கும்" என்று போனான். மூன்றாம் நாள் 'டிக்'.

மறுபடி வந்தான். மறுபடியும் அதே வயர் லூஸ். வயரைப் பிடிக்கும் கிளாம்ப் தேய்ந்திருக்கும் என்று புதுக் கிளாம்ப் போட்டான். அடுத்த வாரம் 'டிக்'. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்க் கார்பன் மாற்றினான். 'டிக்'. பேட்டரியையே புதிதாகப் போட்டான். 'டிக்'. டங் சத்தத்துக்கு முன் சக்கரத்து புஷ் எல்லாம் மாற்றினான், ஷாக் அப்சார்பரைக் கழற்றி மாட்டினான். ஆனைக்குட்டம் வரைக்கும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தான். போகும்போது சத்தமே இல்லை. திரும்பும்போது வீட்டு வாசல் ஸ்பீட் பிரேக்கரில் டங்!

"இதுக்கு மேல வண்டியில பாக்கதுக்கு ஒண்ணுமில்லக்கா" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர். பெத்தணன் என்று பெயர். முப்பது வருடம் பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால், தீபாவளி சீசன் நேரம், கம்பெனிக்குள் லோடு ஏற்றிக்கொண்டிருந்த வேன் தீப்பிடித்து இரண்டு பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களை இழுக்கப் போன இவருக்கு இரண்டு கையும் வெந்தது. இப்போதும் விரல்கள் பாதிக்கு மேல் மடங்காது. ஒரு சோற்றுப் பருக்கையைத் தவற விடாமல் சாப்பிடுவார், ஆனால் ஜாம் பாட்டில் மூடியைத் திறக்கச் சொன்னால் முடியாது. அன்றைக்கு வேலையை விட்டவர்தான். அந்தத் தீயைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. அதற்கப்புறம்தான் நான் கார் ஓட்டப் படித்தேன்.

வேலையை விட்டாரே தவிர கம்பெனிப் பழக்கம் ஒன்றையும் விடவில்லை. அங்கே வெடிமருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கிவிடுமாம். இவர் நம் வீட்டுக்குள் நுழையும்போது முற்றத்துத் தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டு வருவார். அங்கே செல்போனைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இவர் வெளியே கிளம்பினாலே போனை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். எதற்கய்யா அது போன்? இரும்புச் சாமான் உரசினால் பொறி வரும் என்று அங்கே பித்தளை ஸ்பேனர், பித்தளைச் சுத்தியல். வீட்டிலும் இவர் பெட்டியில் பித்தளைதான். மீனா அறையில் கொசுவுக்கு ஒரு மிஷின் செருகினேன். மறுநிமிடம் அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். காரணம் கேட்டால் பேச மாட்டார். வாயில்லாப் பூச்சி.

வண்டி எடுக்காத நாளில் மட்டும் இவருக்கு ஒரு சுறுசுறுப்பு வரும். "பொறு, கண்ணாடியத் தொடச்சிட்டு வாரேன்" என்று ஒரு துணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவார். வந்து, "இப்பப் போட்டுப் பாரு" என்பார். ஸ்டார்ட் ஆகும். "ராசியான கைதான்" என்று நான் அதற்கும் நொடிப்பேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைக்கிறது? எனக்கு வாய் திறந்திருந்தால் கண் மூடிக்கொள்ளும்.

உக்கிரபாண்டிக்குத்தான் முதலில் உறைத்தது. புரட்டாசி முதல் வாரம் ஒரு காலை, வண்டிக்குள் உட்கார்ந்தவன் அதிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நேத்து நான் இதுல நேரம் சரியா வச்சுட்டுத்தான போனேன்?"

"அதுக்கென்ன இப்ப?"

"இப்ப மணி ஒம்பது. இது பன்னெண்டு நாப்பதுங்குது. பேட்டரி வயரைக் கழட்டி மாட்டுனா இது பன்னெண்டுல இருந்துதான் ஓடும். அப்படின்னா எட்டு இருவதுக்கு யாரோ வயரை மாட்டியிருக்காக. தானா லூசாகலக்கா. வீட்டுல யாரோ கை வைக்கிறாக."

எனக்கு வந்ததே கோபம்! நாலு தடவை கழற்றி மாட்டியும் சரி பண்ணத் துப்பில்லை, இப்போது பழியை என் வீட்டு ஆட்கள் மேல் போடுகிறானே என்று.

"என் வீட்டுல யாருலே இருக்கா? நானு, நெறமாசமா ஒரு பிள்ளை, அங்கன ஒரு வாயில்லாப் பூச்சி. இதுல யாரு உன் வயரைத் திருடப் போறது? ஒனக்கு வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. இனி இந்த வாசப்படி மிதிச்ச, பாத்துக்க!"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். இவர் குழாயடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகத்தைக் கழுவினார், மறுபடி கழுவினார், உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பத்து நாள் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. காலை ஒன்பதுக்கு லோடு, இரண்டு மணிக்குத் திரும்பினால் வேலை முடிந்தது. நான் கேட்கிற நேரத்தில் கிளம்பியது. எனக்கு ஒரே எக்களிப்பு. மெக்கானிக்கைத் துரத்தினதும் வண்டிக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோடு இல்லை. இவர் காலையிலேயே குளித்து வேட்டி கட்டிக்கொண்டு இருக்கன்குடிக்குக் கிளம்பினார். மீனாவுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருந்தார். "கார்ல கொண்டு விடவா?" என்றேன். வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார். எட்டாம் மாதம் முடியவே இன்னும் பத்து நாள் இருந்தது.

பதினோரு மணி இருக்கும். கொட்டகையில் பெட்டிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மீனா, "எம்மா..." என்றாள். அந்தக் குரலே சரியில்லை. ஓடினேன். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"வலிக்குதும்மா. விட்டு விட்டு வலிக்குது. ஒரு மணி நேரமா."

"ஒரு மணி நேரமா! ஏண்டி, வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

திட்டிக்கொண்டேதான் பையை எடுத்தேன், அவளைத் தாங்கிப் பிடித்து வந்து முன் சீட்டில் உட்கார வைத்தேன், சாவியைப் போட்டேன். திருப்பினேன்.

ஒன்றுமில்லை. 'டிக்' கூட இல்லை.

விளக்கு எரியவில்லை, ஹாரன் இல்லை. கடிகாரம் கறுப்பாகக் கிடந்தது. இவரைக் கூப்பிடலாம் என்று போனைப் போட்டேன். அடுப்படி அலமாரியில் மணி அடித்தது. அட பாவி மனுசா! ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரியில் இறக்குவார்கள். தையல் போட்டது விருதுநகரில். வாடகை வண்டி ஒன்றாவது சீசன் நேரத்தில் ஊரில் சும்மா நிற்குமா? எல்லாம் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

மீனா பல்லைக் கடித்துக்கொண்டு, "எம்மா, அந்த அண்ணனக் கூப்பிடும்மா" என்றாள்.

யாரை வாசப்படி மிதிக்காதே என்றேனோ அவனுக்கே போன் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தான். "சொல்லுங்கக்கா" என்றான். அந்த ஒரு சொல்லில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏலே உக்கிரம், மீனாவுக்கு வலி எடுத்துருச்சு, வண்டி செத்த பொணமாக் கெடக்குலே!"

"நான் கோவில்பட்டியில நிக்கேன்க்கா, வர முக்கா மணி நேரமாவது ஆகும். பதறாதீக. பானட்டத் தொறங்க. பேட்டரி வயரைப் பாருங்க."

திறந்தேன். பார்த்தேன்.

வயர் லூசாக இல்லை. சுத்தமாகக் கழற்றப்பட்டிருந்தது. கழற்றின முனையில் காய்ந்த துணி சுற்றி, அதன் மேல் சணல் போட்டு மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அரிசி மூட்டைக்கும் அதே முடிச்சு, மாவிளக்குத் தூக்குக்கும் அதே முடிச்சு.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. கம்பெனியில் லோடு ஏற்ற எந்த வேன் வந்தாலும் பொறி வரக்கூடாது என்று டிரைவர் முதலில் இறங்கிப் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். கழற்றின முனையைத் துணி சுற்றிப் போர்மேனிடம் காட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் ஒரு பெட்டி ஏறும். சுவருக்கு அந்தப் பக்கம் மீனா படுக்கிறாள். இந்தப் பக்கம் அட்டை, பசை, பெட்ரோல் வண்டி. மனுசன் தினமும் என் கண்ணில் படாமல் கழற்றி, நான் கிளம்புமுன் அந்த மடங்காத விரலால் மாட்டியிருக்கிறார். எப்படி இறுகும்? அந்தப் பத்து நாளும் ஒன்பது மணிக்கு முன்னால் பார்த்துப் பார்த்து மாட்டியவர், அன்றைக்கு லோடு இல்லை என்று மாட்டாமலே கோயிலுக்குப் போய்விட்டார்.

"அக்கா, இருக்கீகளா? வயர் எப்படி இருக்கு?"

"கழட்டித் துணி சுத்தியிருக்குலே."

அவனுக்கும் புரிந்துவிட்டது. அவனும் கம்பெனிகளுக்கு வண்டி பார்ப்பவன்தானே. "சரி, அதெல்லாம் அப்புறம். துணிய அவுத்துட்டு, பேட்டரிக் குமிழ்ல மாட்டி அமுக்குங்க. ஸ்பேனர் இருக்கா?"

இவர் பெட்டி பூட்டிக் கிடந்தது, பித்தளை ஸ்பேனரோ இருக்கன்குடிக்கு மாவிளக்குப் போடப் போயிருந்தது. இவர் மடியிலேயே வைத்திருப்பார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"இல்லலே!"

"ஒரு கட்டையால மேல தட்டுங்க. இடுக்குல ஒரு ஆணியச் சொருகி அறைங்க."

கொட்டகைச் சுவரில் காலண்டர் தொங்கியது. சாமி படத்தைக் கிழித்தபடி ஆணியைப் பிடுங்கினேன். கிளாம்ப்புக்கும் குமிழுக்கும் நடுவில் வைத்து, விறகுக் கட்டையால் ஒரு அறை. ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். 'டிக்'.

அந்த 'டிக்' கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். உயிர் இருக்கிறது! மறுபடி ஓடி ஆணியில் இன்னும் இரண்டு அறை அறைந்தேன். திருப்பினேன். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

"வழியில ஆஃப் பண்ணிராதீகக்கா!" என்று போனில் கத்தினான்.

நாலு வழிச் சாலையில் எப்படிப் போனேன் என்று கேட்டால் தெரியாது. டோல்கேட்டில் முன்னால் நின்ற லாரிக்காரன் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே தலையை வெளியே நீட்டி நான் போட்ட சத்தத்தில் அவன் சில்லறையை விட்டுவிட்டே போய்விட்டான். ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் டங் என்றது. டங் என்கிறபோதெல்லாம் ஆணி கழன்றுவிட்டதோ என்று என் உயிர் போய்ப் போய் வந்தது. மீனா என் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன்.

டாக்டரம்மா ஓடி வந்தார். கதவு மூடிவிட்டது. ஒன்றேகாலுக்கு ஒரு நர்ஸ் வெளியே வந்து, பெண் குழந்தை, எடை கம்மி, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம், நன்றாகச் சத்தம் போட்டு அழுதது, அம்மாவும் நன்றாக இருக்கிறாள் என்றாள். சத்தம் போட்டதா, அப்படியானால் என் பேத்திதான். பெஞ்சில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

அழுது முடிந்ததும் கோபம் வந்தது. எப்படிப்பட்ட கோபம்! வரட்டும் அந்த மனுசன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? ஒரு மாதமாக ஒரு நல்ல மெக்கானிக்கைத் திருடன் மாதிரி நிற்க வைத்தேனே. கால்மணி நேரம் தப்பியிருந்தால் என் பிள்ளை என்ன ஆகியிருப்பாள்? கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக மனதில் அடுக்கி வைத்தேன். மூன்று மணி ஆயிற்று, மனுசனைக் காணவில்லை. மீனாவின் துணிப்பையை வண்டியிலேயே விட்டுவிட்டேன் என்று கீழே இறங்கிப் போனேன்.

அங்கே நின்றார். வெயிலில், வண்டிக்கு முன்னால். ஒரு கையை பானட் மேல் வைத்திருந்தார், மறு கையில் பித்தளை ஸ்பேனர். வேட்டியெல்லாம் புழுதி, நெற்றியில் குங்குமம் வியர்வையில் வழிந்திருந்தது.

"எப்ப வந்தீக?"

"ரெண்டு மணிக்கு. வீட்டுக்குப் போனேன், வண்டி இல்ல. துணி கீழ கெடந்துச்சு. பக்கத்து வீட்டு ராமுத்தாய்தான் சொல்லுச்சு."

"ரெண்டு மணிக்கா? ஒரு மணி நேரமா இங்கனயா நிக்கீக? மேல வந்து பிள்ளை என்ன ஆச்சுன்னு கேக்கணும்னு தோணல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பானட்டைப் பார்த்தே பேசினார். "பயமா இருந்துச்சு மாரி. அன்னைக்கு அந்த வேன்காரன், அஞ்சு நிமிசந்தான் அண்ணாச்சி, கழட்டணுமான்னு கேட்டான். சீசன் அவசரம். பரவாயில்ல, ஏத்துன்னு சொன்னது நான்தான். கழட்டாம விட்டு ரெண்டு பேரு போய்ட்டாக. இன்னைக்குக் கழட்டி விட்டுட்டு..." பானட்டை உள்ளங்கையால் தேய்த்தார். "மேல வந்தா என்ன சொல்லுவாகளோன்னு இங்கனயே நின்னுட்டேன்."

ஆறு வருடம். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, இதை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் கத்துவேன் என்று பயந்திருக்கிறார். நானும் கத்தித்தான் இருப்பேன். அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"பேத்தி" என்றேன். "கண்ணாடிப் பெட்டியில இருக்கு. மீனா நல்லாருக்கா. போங்க, போய்ப் பாருங்க."

முகத்தை மூடிக்கொண்டார். குலுங்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தவர், நின்று திரும்பி வண்டியைப் பார்த்தார். வண்டி நின்ற இடத்துக்கு நேர் மேலேதான் பிள்ளைகள் இருக்கிற அறையின் சன்னல்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கினேன். "இங்க குடுங்க. இனி கழட்டுறதும் நான், மாட்டுறதும் நான். ஒழுங்கா இறுக்கி மாட்டத் தெம்பிருக்கு எனக்கு. நீங்க தொட்டீக, அம்புட்டுத்தான்."

பானட்டைத் திறந்து, ஆணியைப் பிடுங்கி, வயரைக் கழற்றினேன். துணிக்கு என் முந்தானை நுனியைக் கிழிக்கப் போனேன். அவரே தோள் துண்டை எடுத்துக் கொடுத்தார். சுற்றும்போது ஸ்பேனர் நழுவி, பேட்டரித் தட்டுக்குக் கீழே இருந்த சந்தில் விழுந்தது. விழுந்த இடத்தில் டங். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா? கையை உள்ளே விட்டுத் துழாவினேன். இரண்டு பித்தளை ஸ்பேனர் வந்தது.

"ஆவணியில தொலைஞ்சுது" என்றார் மெதுவாக. "வேற எடுத்துக்கிட்டேன்."

"போங்க மேல!" என்று கத்தினேன்.

அவர் போனார். ஆஸ்பத்திரிப் படிக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. நின்று, வெந்த உள்ளங்கையை அதன் மேல் நன்றாக வைத்து எடுத்துவிட்டு, பேத்தியைப் பார்க்க உள்ளே நுழைந்தார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். அந்தக் குழாயடியைத் தாண்டும்போது, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நானும் தொட்டுவிட்டே மேலே ஏறினேன்.